ஃபோர்டின் பானை, கொலோனின் மொபெட்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு உற்பத்திப் பொறியியல் பாடத்தில் ஹென்றி ஃபோர்டுக்கு ஒரே ஒரு ஸ்லைடுதான் ஒதுக்கியிருந்தார்கள். 1913-ல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஃபேக்டரியில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. வேலையின் சலிப்பு தாங்காமல் ஆட்கள் ஓடினார்கள். அந்த ஓராண்டில் ஆள் மாற்ற விகிதம் 370 விழுக்காடு. 1914 ஜனவரி 5-ல் ஃபோர்டு நாள்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டாலர் என்று அறிவித்தார். ஓட்டம் நின்றது. விரிவுரையாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். பரீட்சையில் அந்த 370 கேள்வியாக வந்தது. எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது.

அந்த ஸ்லைடில் இல்லாத ஒன்றை, வேலைக்குச் சேர்ந்து நானே ஒரு லைனைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் படித்தேன். ஐந்து டாலர் அறிவிப்பு வந்த அதே மாதம் ஃபோர்டு கம்பெனி 800-க்கும் 900-க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் ரஷ்ய, கிரேக்கத் தொழிலாளிகளை வேலையைவிட்டு நீக்கியது. அவர்கள் செய்த குற்றம் கிறிஸ்துமஸ் கொண்டாடியது. பழைய ஜூலியன் காலண்டர்படி அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல் வரும். அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. அமெரிக்காவில் வாழ வந்தவன் அமெரிக்கப் பண்டிகையைக் கொண்டாடட்டும் என்பது கம்பெனியின் நிலைப்பாடு.

59 வருஷம் தள்ளி வருவோம். 1973 கோடை. அதே ஃபோர்டு, ஆனால் ஊர் ஜெர்மனியின் கொலோன். சுமார் 300 துருக்கித் தொழிலாளிகள் வருடாந்திர விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் தாமதமாகத் திரும்பினார்கள். கொலோனிலிருந்து இஸ்தான்புல்லுக்கே சாலை வழி 2,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து அனத்தோலிய கிராமங்கள் இன்னும் தொலைவு. விடுமுறை நான்கு வாரம். காரில் போக வரவே அதில் ஒரு வாரத்துக்கு மேல் கரைந்துவிடும். அவர்களும் நீக்கப்பட்டார்கள்.

ஒரே கம்பெனி, ஒரே குற்றம். ஊர்க் காலண்டரை ஃபேக்டரிக் காலண்டருக்கு மேலே வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு கேட்டுக்கு வெளியே நின்ற மனிதர்களுக்கும், குறிப்பாக அவர்களுடைய பிள்ளைகளுக்கும், பிறகு நடந்தது ஒன்றல்ல. குடியேற்றத்தில் அமெரிக்க வழி, ஐரோப்பிய வழி என்று பொதுவாகப் பேசும்போது எனக்குத் தலை சுற்றும். இந்த இரண்டு கேட்டையும் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் பிடிபட்டது.

முதலில் டெட்ராய்ட். 1914-ல் ஹைலண்ட் பார்க் தொழிலாளிகளில் பத்தில் ஏழு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். போலந்துக்காரர், இத்தாலியர், ருமேனியர், சிரியர் என்று இருபதுக்கும் மேற்பட்ட இனத்தவர். அந்த ஐந்து டாலர் சும்மா வரவில்லை. அதில் பாதி கூலி, மீதி லாபப் பங்கு. அந்தப் பங்கு வேண்டுமானால் கம்பெனியின் 'சமூகவியல் துறை' ஆளை ஏற்றுக்கொள்ள வேண்டும். துறையின் ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வருவார். வீடு சுத்தமா, குடிப்பாயா, வங்கியில் சேமிப்பு உண்டா, கட்டிய மனைவிதானா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாயா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வார். பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார்.

அடுத்தது பள்ளிக்கூடம். ஆங்கிலம் தெரியாதவர்கள் ஷிஃப்டுக்கு முன்போ பின்போ ஃபோர்டு ஆங்கிலப் பள்ளியில் உட்கார வேண்டும். மொத்தம் 72 பாடம். முகம் கழுவுவது, சாப்பாட்டு மேசையில் உட்காருவது, பணம் போட்டு வைப்பது எல்லாம் பாடம்தான். நான் நல்ல அமெரிக்கன் என்று சொல்லப் பழக்குவதுதான் முதல் பாடம். படித்து முடித்தவர்களுக்குப் பட்டமளிப்பு விழா உண்டு. அதை யாராவது நாவலில் எழுதியிருந்தால் மிகை என்று நானே சொல்லியிருப்பேன். மேடையின் பின்னால் ஒரு கப்பல். முன்னால் ஆளுயரத்துக்கும் பெரிய ஒரு பானை. தொழிலாளிகள் தத்தம் ஊர் உடையில், கையில் மூட்டையோடு கப்பலிலிருந்து இறங்கிப் பானைக்குள் போவார்கள். ஆசிரியர்கள் நீளமான அகப்பை வைத்துக் கிண்டுவார்கள். மறுபக்கம் கோட் சூட் போட்டு, அமெரிக்கக் கொடியை ஆட்டிக்கொண்டு அதே ஆட்கள் வெளியே வருவார்கள். மூட்டை பானைக்குள்ளேயே கரைந்துவிட்டது போலிருக்கிறது.

இந்தப் பானை அமெரிக்கக் கற்பனைகூட இல்லை. லண்டனில் பிறந்த யூத எழுத்தாளர் இஸ்ரேல் சாங்வில் எழுதிய நாடகத்தின் தலைப்பு அது. 1908-ல் வாஷிங்டனில் மேடையேறியபோது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பார்த்து மகிழ்ந்தார். அதை எதிர்த்து 1915-ல் எழுதியவர் ஹொரஸ் கேலன். அவரும் ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் பாஸ்டனுக்கு வந்தவர். மனிதன் சட்டையை மாற்றலாம், மனைவியை மாற்றலாம், தாத்தாவை எப்படி மாற்றுவான் என்பது அவர் வாதத்தின் சாரம். அமெரிக்கா ஒரே குழம்பாக ஆக வேண்டியதில்லை, பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பதாக இருக்கட்டும் என்றார். இன்று பன்மைப் பண்பாடு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஆனால் அவர் எண்ணிய வாத்தியங்களில் கறுப்பர்களுக்கு இடமில்லை. பானைக்காரருக்கும் பானையை எதிர்த்தவருக்கும் அதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.

படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்தவன் படுக்கை அறை வரை மூக்கை நுழைப்பதற்கு ஐந்து டாலரா! அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். அந்த ரஷ்யத் தொழிலாளி பள்ளிக்குப் போயிருக்கலாம், போகாமல் துரத்தப்பட்டிருக்கலாம், கடைசி வரை ஆங்கிலமே பேசாமல் செத்தும் போயிருக்கலாம். டெட்ராய்ட்டில் பிறந்த அவனுடைய குழந்தை பிறந்த நிமிஷத்திலேயே அமெரிக்கக் குடிமகன். ஃபோர்டுகூட அதைப் பிடுங்க முடியாது.

அந்தச் சட்டமும் குடியேறிகள்மீது கொண்ட அன்பினால் வந்ததல்ல. கறுப்பர்கள் குடிமக்களாகவே முடியாது என்று 1857-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின், விடுதலையான அடிமைகளுக்காக 1868-ல் 14-ஆம் திருத்தம் எழுதப்பட்டது. இந்த மண்ணில் பிறந்தவர், இதன் சட்டத்துக்கு உட்பட்டவர், இந்நாட்டுக் குடிமகன். சீனர்களை உள்ளே விடாதே என்று சட்டம் போட்டிருந்த காலத்தில், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது துறைமுகத்தில் தடுக்கப்பட்டார். அவர் வழக்குப் போட்டு 1898-ல் வென்றார். சீனாவிலிருந்து வந்த அவருடைய அப்பா அம்மா குடியுரிமை பெற முடியாது. அவர் பிறந்ததாலேயே பெற்றவர். கறுப்பர்களின் ரத்தத்தில் எழுதிய ஒரு வரி, அவர்களுக்குப் பல்லாண்டு காலம் பெயரளவில்தான் பயன்பட்டது. கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கோ உடனே பயன்பட்டது.

கதவையும் அவர்கள் சாத்தத்தான் செய்தார்கள். 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் 'வெள்ளையர்' அல்ல, எனவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பு வந்தது. 1924 சட்டம், ஒவ்வொரு நாட்டிலிருந்தும் 1890-ல் அமெரிக்காவில் இருந்தோர் தொகையில் இரண்டு விழுக்காட்டினருக்கே இடம் என்றது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் அதிகம் வராத காலத்துக் கணக்கு அது. தெரிந்தே எடுத்தார்கள். 1965 வரை இந்த ஒதுக்கீட்டு முறை நீடித்தது. ஆகவே அமெரிக்கச் சண்டை எப்போதும் வாசலில்தான். உள்ளே பிறந்துவிட்ட பிள்ளை சண்டைக்கு அப்பாற்பட்டது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது என்ன ஆனது என்பதற்கு வால்டர் ராய்தரைச் சொல்லலாம். அப்பா ஜெர்மனியில் பிறந்தவர், மகன் மேற்கு வெர்ஜீனியாவில். ஃபோர்டில் வேலை செய்து 1932-ல் வெளியே வந்தார். 1937 மே மாதம் டெட்ராய்ட்டை ஒட்டிய ரூஜ் ஃபேக்டரி கேட் அருகே தொழிற்சங்கத் துண்டறிக்கை கொடுக்கப் போனபோது கம்பெனி அடியாட்கள் அவரை அடித்துப் படிக்கட்டில் தள்ளினார்கள். புகைப்படங்கள் இருக்கின்றன. 1941-ல் ஃபோர்டு அந்தத் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. பின்னால் ராய்தர் கால் நூற்றாண்டு அதன் தலைவர். அவரை அடிக்கலாம். "உன் நாட்டுக்குப் போ" என்று சொல்ல முடியாது. அவருக்கு வேறு நாடு இல்லை, வாக்குச்சீட்டும் இருந்தது.

இப்போது கொலோன். அங்கே ஃபோர்டு ஃபேக்டரிக்கு 1930-ல் ஹென்றி ஃபோர்டே வந்து அடிக்கல் நாட்டினார். பக்கத்தில் நின்றவர் நகர மேயர் கொன்ராட் அடெனாவர். போரின்போது அங்கே சோவியத் நாடுகளிலிருந்து பிடித்துவந்தவர்களைக் கட்டாய வேலை வாங்கினார்கள். போருக்குப் பின் அதே அடெனாவர் மேற்கு ஜெர்மனியின் பிரதமர். பொருளாதாரம் பாய்கிறது, ஆள் போதவில்லை. 1955-ல் இத்தாலியோடு ஆள் எடுக்க ஒப்பந்தம். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்து கிழக்கிலிருந்து வந்த ஆட்களும் நின்றுபோக, அக்டோபர் 30-ல் துருக்கியோடு ஒப்பந்தம். 'அந்நியத் தொழிலாளி' என்ற சொல்லில் நாஜி வாடை இருந்ததால் 'காஸ்ட்ஆர்பைட்டர்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. விருந்தாளித் தொழிலாளி. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பது நம் பழமொழி. ஜெர்மானியர்கள் இரண்டு வருஷம் என்றார்கள்.

இஸ்தான்புல்லில் ஜெர்மன் அலுவலகம் ஒன்று ஆள் தேர்ந்தெடுத்தது. வரிசையில் நிற்க வைத்துப் பல்லைப் பார்த்து, ரத்தம், சிறுநீர் சோதித்தார்கள். தேறியவர்கள் ரயிலேறி மியூனிக் நிலையத்தின் 11-ஆம் பிளாட்பாரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து அந்தந்த ஃபேக்டரிக்கு, ஹாஸ்டலுக்கு. இரண்டு வருஷம் கழித்து இவர்கள் போவார்கள், வேறு ஆள் வருவான், குடும்பம் கூடாது என்பது துருக்கி ஒப்பந்தத்தின் கணக்கு. அதைக் கெடுத்தது மனித உரிமை அமைப்புகள் அல்ல, முதலாளிகள்தான். பழகின கையை அனுப்பிவிட்டுப் புதுக் கைக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பது யாருக்குக் கட்டும்? 1964-ல் அந்த இரண்டு வருஷ வரம்பு எடுக்கப்பட்டது. எங்கள் ஃபேக்டரியில் நேப்பாளி ஒருவருக்கு பெர்மிட் முடிகிறது என்றால் சூப்பர்வைசர் அண்ணன் முகம் போகிற போக்கைப் பார்த்தவன் என்பதால் இது எனக்கு உடனே புரிந்தது. "மூணு மாசம் ஆகும்டா அடுத்த ஆள் இந்தக் கைக்கு வர" என்பார்.

அதே 1964 செப்டம்பரில் கொலோன் டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் பத்து லட்சமாவது விருந்தாளிக்கு வரவேற்பு. அர்மாண்டோ ரோட்ரிகஸ், போர்ச்சுகல் நாட்டுத் தச்சர், வயது 38. ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டதும் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று பயந்துவிட்டார் என்பார்கள். கையில் பூச்செண்டைக் கொடுத்து, ஒரு மொபெட்டைப் பரிசாகக் கொடுத்து, படம் எடுத்தார்கள். ஜெர்மன் பள்ளிப் பாடநூல்களில் அந்தப் படம் உண்டு. அவர் பின்னால் உடம்புக்கு முடியாமல் ஊரோடு போய்விட்டார். உழைத்துச் சேர்த்ததை வைத்தியத்துக்குச் செலவழித்து 1979-ல் புற்றுநோயால் இறந்தார். ஜெர்மனியில் அவர் கட்டிய சந்தாவுக்கு நோய்க்கால உதவித்தொகை கிடைத்திருக்கும். அது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மொபெட் இன்று பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். கொலோனில் எந்த ஆய்வாளரும் துருக்கிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பானை இல்லை, அகப்பை இல்லை. 72 பாடமும் இல்லை. உன் மொழியைப் பேசு, உன் சாமியைக் கும்பிடு, ஜெர்மானியனாக மாறு என்று ஒருவரும் சொல்லவில்லை. டெட்ராய்ட்டைப் படித்துவிட்டு வந்தவனுக்கு இது கண்ணியமாகத் தெரிந்தது. எதுவுமே கேட்காததற்குக் காரணம் கண்ணியம் அல்ல. போகப்போகிறவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களுக்கென்று நாடு முழுதும் சட்டப்படி 600 மணி நேர ஜெர்மன் வகுப்பு 2005-ல்தான் வந்தது. முதல் துருக்கி ஒப்பந்தத்துக்கு 44 வருஷம் கழித்து.

1973 ஆகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை. அந்த 300 பேர் போனதால் அவர்களுடைய வேலையையும் மற்றவர்களே செய்ய வேண்டும் என்றார்கள். கடைசி அசெம்பிளிப் பிரிவில் மாலை ஷிஃப்ட் கருவிகளைக் கீழே வைத்தது. அப்போது கொலோன் ஃபோர்டில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் துருக்கியர். லைனில் பாரமான இடங்களில் அவர்கள்தான். நீக்கியவர்களைச் சேர், எல்லாருக்கும் மணிக்கு ஒரு மார்க் உயர்த்து, பெல்ட் வேகத்தைக் குறை, விடுமுறையை ஆறு வாரமாக்கு என்று கோரிக்கை வைத்தார்கள். ஜெர்மன் தொழிலாளிகள் தொடக்கத்தில் சேர்ந்துவிட்டுப் பிறகு விலகினார்கள். தொழிற்சங்கம் ஆதரிக்கவில்லை. பத்திரிகைகள் 'துருக்கிப் பயங்கரம்' என்று எழுதின. 30-ஆம் தேதி போலீஸ் உள்ளே வந்து முடித்துவைத்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உடனடியாக நீக்கப்பட்டார்கள், சுமார் 600 பேர் 'தாமாகவே' எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலை போனால் பெர்மிட் ஆட்டம் காணும் என்பதை இந்த ஊர் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று மாதத்தில், நவம்பர் 23-ல், எண்ணெய் நெருக்கடியைக் காட்டி ஜெர்மனி ஆள் எடுப்பதையே நிறுத்தியது. அதுவரை சுமார் 140 லட்சம் பேர் வந்து 110 லட்சம் பேர் திரும்பிப் போயிருந்தார்கள். இப்போது ஊருக்குப் போனால் திரும்ப வர முடியாது என்று ஆனதும் மீந்தவர்கள் மனைவி மக்களைக் கூட்டிவந்தார்கள். விருந்தாளியைத் தடுக்கப் போட்ட பூட்டு அவரைக் குடும்பஸ்தனாக்கிவிட்டது.

அந்தக் குடும்பத்தில் கொலோன் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை துருக்கிக் குடிமகன். 1913-ல் கைசர் காலத்தில் எழுதிய குடியுரிமைச் சட்டம், ரத்த வழிதான் எல்லாம். 18-ஆம் நூற்றாண்டில் வோல்கா கரைக்குப் போய்க் குடியேறிய ஜெர்மானியர்களின் வம்சத்தவர் சோவியத் உடைந்தபோது லட்சக்கணக்கில் வந்தார்கள். பலருக்கு ஜெர்மன் பேச வராது. அவர்களுக்குக் குடியுரிமை உண்டு. கொலோன் தெருப்பேச்சில் சண்டை போடும் 20 வயதுத் துருக்கிப் பையன் வெளிநாட்டு போலீஸ் அலுவலகத்தில் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டிருப்பான். சிவப்பு ஐ.சி. வைத்துக்கொண்டே செத்துப்போன பாட்டியை எனக்குத் தெரியும். ஆனால் அவர் கப்பலேறி வந்தவர். இவன் அங்கேயே பிறந்தவன்.

ஹைன்ஸ் கூன் என்ற மூத்த அரசியல்வாதி 1979-லேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார். இவர்கள் இங்கேயே இருக்கப்போகிறார்கள், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கு வழி விடுங்கள் என்றார். கேட்கவில்லை. 1982-ல் வந்த கூட்டணி, ஜெர்மனி குடியேற்ற நாடு அல்ல என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டது. அடுத்த வருஷம் திரும்பிப் போகிறவருக்கு 10,500 மார்க், பிள்ளை ஒன்றுக்கு 1,500 மார்க் என்று விலை வைத்தார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது பள்ளிக்கூடம். பவேரியா போன்ற மாநிலங்களில் துருக்கிப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, துருக்கி மொழியில், துருக்கியிலிருந்து வந்த ஆசிரியர். வெளியிலிருந்து பார்த்தால் தாய்மொழிக் கல்வி. நோக்கம், பிள்ளை ஊருக்குத் திரும்பும்போது சிரமப்படக் கூடாது என்பது. பெட்டி கட்டி வைத்த பன்மைப் பண்பாடு. தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்ற முறையில் இதை எளிதாகத் தாண்டிப்போக முடியவில்லை. நம் தோட்டப் பள்ளிகளும் துரைமார் தமிழ்மீது வைத்த பற்றினால் வந்தவையல்ல. தொழிலாளர் சட்டம் கேட்டது, கூலிகள் தங்க வேண்டியிருந்தது. யாரோ வேறு நோக்கத்தில் திறந்த கதவை நாம் நம்முடையதாக்கிக்கொண்டோம். அதற்குக் குடியுரிமை வேண்டியிருந்தது, வாக்கு வேண்டியிருந்தது. பவேரியாப் பிள்ளைக்கு அது இல்லை. 1990-ல் ஹம்பர்க் மாநிலமும் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைனும் வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தல் வாக்குரிமை தர முயன்றபோது அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. 'மக்கள்' என்றால் குடிமக்கள், வேண்டுமானால் குடியுரிமையை எளிதாக்குங்கள் என்றது. எளிதாக்குவதற்குள் 1993 மே மாதம் ஸோலிங்கனில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பெண்களையும் சிறுமிகளையும் கொன்றுவிட்டார்கள்.

ஜெர்மனியே ஐரோப்பா என்று சொல்ல மாட்டேன். பிரான்ஸ் 1889-லேயே பிறந்த மண்ணுக்கு இடம் கொடுத்தது, ஆனால் உள்ளே வந்தபின் பொதுவெளியில் வேறு அடையாளம் கூடாது. 2004 சட்டத்தால் அரசுப் பள்ளியில் முக்காட்டோடு சீக்கியர் தலைப்பாகையும் போனது. பிரிட்டன் 1976-ல் அதே தலைப்பாகைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டிலிருந்து விலக்குக் கொடுத்தது, ஆனால் 1962 முதலே காலனி நாட்டுக்காரருக்குக் கதவைச் சாத்திக்கொண்டும் வந்தது. மூன்றும் மூன்று விதம். ஆனாலும் கதவு திறந்திருக்கும் நாளில் வேலைக்கு ஆள் எடுத்து, உறவு என்ன என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் மூன்றிலும் உண்டு.

2010 அக்டோபரில் அங்கேலா மேர்க்கெல் பன்மைப் பண்பாடு முழுத் தோல்வி என்று பேசினார். சில மாதங்களில் பிரிட்டனின் கேமரனும் பிரான்சின் சார்கோசியும் அதையே சொன்னார்கள். ஜெர்மனியைப் பொறுத்தவரை எனக்கு அதைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. 40 வருஷம் பெட்டியைத் திறக்க விடாமல் வைத்திருந்துவிட்டு, அவன் பெட்டியோடு நிற்கிறான் பார் என்று சொல்வதா?

2000 ஜனவரியிலிருந்துதான் ஜெர்மனியில் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் எட்டு வருஷம் சட்டப்படி வாழ்ந்திருந்தால், குடியுரிமை கிடைக்கத் தொடங்கியது. அதிலும் 23 வயதுக்குள் இரண்டில் ஒன்றை விடச் சொன்னார்கள். 2024 ஜூனில் எட்டு ஐந்தானது, இரட்டைக் குடியுரிமையும் ஏற்கப்பட்டது. அமெரிக்காவில் 2025 ஜனவரி 20-ல் புது அதிபர் பதவியேற்ற அன்றே பிறப்புக் குடியுரிமையைச் சுருக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். வழக்குகள் கிளம்பின. வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரரின் பெயர் மறுபடி நாளிதழ்களில் வந்தது. வாசலில் நடந்த சண்டை முதன்முறையாகத் தொட்டிலுக்கு வந்திருக்கிறது.

அதே 2025 மே மாதம் கொலோன் ஃபோர்டில் ஆட்குறைப்பை எதிர்த்து 24 மணி நேர வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கமே அழைத்தது. ஏறக்குறைய நூறாண்டு வரலாற்றில் அந்த ஃபேக்டரியின் முதல் வேலைநிறுத்தம் என்று செய்திகள் எழுதின. 1973 ஆகஸ்டில் நடந்தது அந்தக் கணக்கில் சேரவில்லை.